அந்தக் கதவுகளை இன்னும் பொருத்த விடாதீர்கள்

கேள்வி: திருநெல்வேலியில் தனியாகத் தொழில் நடத்தும் இளம் கட்டடக் கலைஞர் நான். ஐந்து மாடித் தனியார் மருத்துவமனை ஒன்றின் வேலை நடக்கிறது. மாடிப்படிக்கும் லிஃப்ட் முகப்புக்கும் இரண்டு மணி நேரத் தீத்தடுப்புக் கதவு வேண்டும் என்று விவரக்குறிப்பில் எழுதினேன். ஒரு நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிட்டு, 'அல்லது அதற்கு இணையானது' என்று முடித்திருந்தேன். ஒப்பந்ததாரர் உள்ளூர்ப் பட்டறையில் செய்த கதவுகளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். கேட்டால் ஒரு பக்கச் சான்றிதழை நீட்டுகிறார். "விலை பாதிதானே, இருக்கட்டுமே" என்கிறார் உரிமையாளர். நான் எப்படி மறுப்பது? இனி எப்படி எழுதுவது?

பதில்: அந்தக் கதவுகளில் ஒன்றைக்கூட இப்போதைக்குப் பொருத்த விடாதீர்கள். சுவரில் சாய்த்து வைத்திருக்கும் கதவைத் திருப்பி அனுப்பலாம். நிலையோடு சேர்த்துப் பூசி முடித்த கதவைப் பெயர்க்கச் சொன்னால் உரிமையாளர், ஒப்பந்ததாரர், பூச்சு வேலைக்காரர் என்று மூவரும் உங்கள் மேல் பாய்வார்கள்.

அடுத்து, முழுச் சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். ஒரு பக்கச் சான்றிதழ் போதாது. தீத்தடுப்புக் கதவை எப்படிச் சோதிக்கிறார்கள் என்று தெரிந்தால் காரணம் விளங்கும். நிலையோடும் கீல்களோடும் கதவைச் சுவரில் பொருத்தி, அந்தச் சுவரை ஓர் உலையின் வாயில் நிறுத்துவார்கள். உலையின் வெப்பம் ஒரு மணி நேரத்தில் சுமார் 945 டிகிரி செல்சியஸையும் இரண்டு மணி நேரத்தில் ஏறக்குறைய 1,050 டிகிரியையும் தொடும். அந்த நேரம் முழுவதும் மறுபக்கத்தில் தீ எட்டிப் பார்க்கக் கூடாது. வெப்பத்தையும் தடுக்கும் கதவு என்றால், மறுபக்க முகத்தின் சராசரி வெப்ப உயர்வு 140 டிகிரியைத் தாண்டக் கூடாது. இரண்டும் வேறு வேறு தகுதிகள். உள்ளே காலியாக இருக்கும் இரும்புக் கதவு தீயை நிறுத்திவிட்டு வெப்பத்தை அப்படியே கடத்திவிடும். அதன் சான்றிதழிலும் '120 நிமிடம்' என்றுதான் இருக்கும். எதற்கு 120 நிமிடம் என்பது முழு அறிக்கையில்தான் தெரியும்.

உலையில் தேறியது அந்தத் தொகுதி மொத்தமும். கதவுப் பலகை, நிலை, கீல், பூட்டு, கதவைத் தானாக மூடும் டோர் குளோசர், கண்ணாடிச் சாளரம், விளிம்பில் ஓடும் வீங்கும் பட்டை எல்லாம் சேர்ந்தே தேறின. சூடேறியதும் ஊதிப் பெருத்து இடைவெளியை அடைக்கும் அந்தப் பட்டை இல்லையென்றால், கதவு எவ்வளவு தடிமனாக இருந்தாலும் ஓரங்கள் வழியே தீ நுழைந்துவிடும். ஆகவே அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, இறங்கியிருக்கும் கதவு ஒன்றை டேப்பால் அளந்து பாருங்கள். சோதித்த கதவைவிட உங்கள் கதவு பெரிதா? சாளரம் அகலமா? கீல் வேறு ரகமா? எதில் மாற்றம் இருந்தாலும், சோதித்த நிறுவனம் அந்த மாற்றத்தை எழுத்தில் ஏற்றிருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த அறிக்கை உங்கள் கதவுக்கு உரியதல்ல. பட்டறைக் கதவு என்பதாலேயே அது மோசம் என்று நான் சொல்லவில்லை. தீத்தடுப்புக் கதவுகளுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 3614-இன்படி அந்தப் பட்டறையின் கதவு உலையில் தேறியிருந்தால் மனதார ஏற்றுக்கொள்ளுங்கள்.

சுவருக்கும் நிலைக்கும் நடுவிலுள்ள இடைவெளியையும் மறக்காதீர்கள். பல இடங்களில் அதைச் சாதாரண நுரையைப் பீய்ச்சி அடைத்துவிடுகிறார்கள். அந்த நுரை எரியும். எதைக் கொண்டு அடைக்க வேண்டும் என்பதும் சோதனை அறிக்கையிலேயே இருக்கும்.

இனி உரிமையாளரிடம் பேச வேண்டியது. விலையில் தொடங்காதீர்கள், நோயாளியில் தொடங்குங்கள். அலுவலகத்தில் தீப்பிடித்தால் ஆட்கள் படியிறங்கி ஓடலாம். அறுவை முடிந்து படுத்திருப்பவர் ஓட முடியாது. அவரைக் கட்டிலோடு அதே தளத்தின் அடுத்த தீப்பிரிவுக்கு, அதாவது தீ தாண்டாதபடி சுவரும் கதவும் வைத்துப் பிரித்த பகுதிக்கு, தள்ளிக்கொண்டு போகத்தான் நேரம் வேண்டும். அந்த நேரத்தைத் தருவது கதவு. 2011 டிசம்பர் 9 அதிகாலையில் கொல்கத்தாவின் தாக்குரியா பகுதி மருத்துவமனை ஒன்றில் அடித்தளத்தில் பிடித்த தீயால் ஏறத்தாழ 90 பேர் இறந்தார்கள். பெரும்பாலோரைக் கொன்றது தீயல்ல, மேல் மாடிகளுக்கு ஏறிய புகை. உங்கள் உரிமையாளர் மருத்துவர் என்றால் இதை இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்காது. லிஃப்ட் முகப்புக்கும் படிக்கட்டுக்கும் 120 நிமிடக் கதவு வேண்டும் என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016-இன் நான்காம் பகுதியில் உள்ளது என்பதையும் சொல்லுங்கள். அது உங்கள் சொந்த விருப்பமல்ல.

எழுதும் முறைக்கு வருகிறேன். 'இணையானது' என்ற சொல்லை எழுதியது குற்றமல்ல. அரசு டெண்டரில் அதை எழுதியே ஆகவேண்டும். இணை என்பதை யார், எதை வைத்து, எப்போது தீர்மானிப்பது என்று எழுதாமல் விட்டதுதான் ஒப்பந்ததாரருக்கு வழி திறந்தது. நான் இப்படி எழுதுவேன்: "120 நிமிடத் தீத்தடுப்புக் கதவுத் தொகுதி, ஐ.எஸ். 3614-இன்படி, வெப்பத்தடுப்புத் தகுதியும் சேர்த்து. மாற்றுத் தயாரிப்பை முன்வைப்பவர் ஆர்டர் கொடுப்பதற்கு 30 நாள் முன்பாக, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் முழு அறிக்கையைத் தர வேண்டும். கட்டடக் கலைஞரின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் தளத்தில் இறக்கிய பொருளை ஒப்பந்ததாரர் தன் செலவில் அகற்ற வேண்டும்." நாலு வரிதான். பிராண்டு பெயரை விடவும் இந்த நாலு வரி உங்களைக் காப்பாற்றும்.

இதே கண்ணோடு மற்ற பொருள்களையும் பாருங்கள். கான்கிரீட்டுக்கான முறுக்குக் கம்பிக்கு வெறுமனே '500' என்று எழுதினால், எஃப்.இ. 500 என்ற சாதாரண ரகம் வந்து இறங்கும். முறியாமல் கூடுதலாக நீளும் 500டி வேண்டுமென்றால் 'டி'யை எழுதுங்கள். கம்பிக்கான தரம் ஐ.எஸ். 1786 முன்னதற்குக் குறைந்தது 12 சதவீத நீட்சி கேட்கிறது, பின்னதற்கு 16 சதவீதம். மின்கம்பியிலும் அப்படித்தான். புகை குறைவான பி.வி.சி. ஒன்று, எரியும்போது நச்சுப்புகை கிளப்பும் ஹாலஜன் (குளோரின் போன்றவை) இல்லாதது வேறொன்று. நோயாளிகள் படுத்திருக்கும் தளங்களுக்கு நான் பின்னதையே எழுதுவேன். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கும் பொருளில் முத்திரைக்கு மேலே தர எண்ணும் கீழே சி.எம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். அந்த உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் தட்டினால் உரிமம் யாருடையது, இன்னும் நடப்பில் உள்ளதா என்று வேலையிடத்தில் நின்றபடியே பார்த்துவிடலாம். பழைய வேலையின் விவரக்குறிப்பை நகலெடுக்கும் பழக்கம் இருந்தால், தர எண்களின் ஆண்டையும் ஒருமுறை சரிபாருங்கள். விதித்தொகுப்பு 2005 என்றே இன்னமும் எழுதியிருக்கும் கோப்புகள் கண்ணில் படுகின்றன.

இந்த வாரமே ஒப்பந்ததாரருக்கு ஒரு கடிதம் எழுதி, உரிமையாளருக்கும் நகல் அனுப்புங்கள். எந்தக் கதவுகள் இறங்கியிருக்கின்றன, அவற்றுக்கு என்ன ஆவணம் தரவில்லை, எந்தத் தேதிக்குள் தர வேண்டும் என்பது மட்டும் அதில் இருக்கட்டும். கோபம் வேண்டாம். அறிக்கை உங்கள் கைக்கு வந்து, கதவோடு ஒத்துப்போகும்வரை அடுத்த பில்லில் கதவுகளுக்கான தொகைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.