சுற்றுலாச் சார்ட்டர் விமான நிறுவனம் எப்படி இயங்குகிறது? பிரிட்டானியா ஏர்வேஸ் பற்றிச் சொல்ல முடியுமா?

சார்ட்டர் என்றால் விமானத்தையே மொத்தமாக வாடகைக்கு விடுவது. பிரிட்டானியாவின் கதையிலேயே உங்கள் முதல் கேள்விக்கும் விடை இருக்கிறது. 1961இல் இங்கிலாந்தின் லூட்டனில் 'யூரேவியா' என்ற பெயரில் அது தொடங்கியது. கையில் இருந்தவை பழைய லாக்ஹீட் கான்ஸ்டலேஷன் விமானங்கள். 1962 மே மாதம் மான்செஸ்டரிலிருந்து ஸ்பெயினின் மயோர்க்கா தீவிலுள்ள பால்மாவுக்கு முதல் பயணம். 1964இல் பிரிஸ்டல் பிரிட்டானியா விமானங்களை வாங்கியபோது நிறுவனத்தின் பெயரும் மாறியது. மறு ஆண்டு தாம்சன் என்ற வணிகக் குழுமத்தின் கைக்குப் போனது.

பிரிட்டானியாவின் சார்ட்டர் வணிகமுறையை நான் மிகவும் மதிக்கிறேன். வழக்கமான விமான நிறுவனம் டிக்கெட்டுகளைத் தனித்தனியாக விற்கிறது. காலி இருக்கையின் நட்டம் அதையே சேரும். சார்ட்டரிலோ சுற்றுலா நிறுவனம் விமானத்தையே மொத்தமாக எடுத்துக்கொண்டு, ஓட்டல் அறையோடு சேர்த்து ஒரே விலைக்கு விற்கிறது. இருக்கைகளை நிரப்புவது அதன் பொறுப்பு. அநேகமாக எல்லா இருக்கைகளும் நிரம்புவதால்தான் தலைக்கான செலவு இறங்குகிறது. விமானம் தரையில் நின்றால் வருமானம் இல்லை. ஆகவே கோடையில் இரவிலும் அதிகாலையிலும்கூடப் பறந்தார்கள். அந்த அகால நேரப் புறப்பாடுகளுக்கு இதுவே காரணம். குளிர்காலம்தான் சோதனை, பனிச்சறுக்குப் பயணங்கள் ஓரளவு கைகொடுத்தன, சில நிறுவனங்கள் விமானங்களை வெளிநாடுகளுக்குக் குத்தகைக்கு அனுப்பின.

1968இல் போயிங் 737 ஜெட் வந்தது. பிறகு 2005இல் தாம்சன்ஃபிளை, 2008இல் தாம்சன் ஏர்வேஸ், 2017இல் டுயி ஏர்வேஸ் எனப் பெயர்கள் மாறின. அந்த நிறுவனம் இன்றும் பறக்கிறது.