ஆப்பரேஷனுக்குக் கையெழுத்துப் போடுமுன்: பினாங்கு தாதி ஒருவரின் கேள்வி பதில்

(பினாங்கு அரசு மருத்துவமனை ஒன்றின் அறுவை அரங்கில் பல வருடம் வேலை செய்து ஓய்வு பெற்ற தாதி பதில் சொல்கிறார். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர்.)

பட்டர்வொர்த்: சிஸ்டர், வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்தபோது அம்மாவுக்குப் பித்தப்பையில் கல் தெரிந்தது. வலி இல்லை. "மெடிக்கல் கார்டு (மருத்துவக் காப்புறுதி அட்டை) இருக்கே, எடுத்துடலாம்" என்கிறார்கள்.

வலி, காய்ச்சல், காமாலை எதுவும் இல்லாத கல்லைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடலாம்மா. பலருக்கு அது கடைசிவரை தொல்லையே தராது. கார்டு இருக்கிறது என்பதற்காக வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: ஆறு மாதம் பொறுத்தால் என்ன ஆகும்? வேறு வழி உண்டா? நல்ல சர்ஜன் இதற்குக் கோபப்பட மாட்டார். கல்லோடு வேறு ஏதாவது தெரிந்திருந்தால் அவர் காரணத்தோடு சொல்வார், அதைக் கேளுங்கள்.

பிறை: அப்பாவுக்கு முழங்கால் மூட்டுத் தேய்மானம். துளை போட்டு உள்ளே கழுவினால் சரியாகுமாம்.

அமெரிக்காவில் இதைச் சோதித்து 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். சிலருக்கு நிஜமாகவே கழுவினார்கள். சிலருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்தார்கள். இரண்டு வருடம் கழித்தும் வலியில் வித்தியாசமே இல்லை. அந்தப் பணத்தை பிசியோதெரபிக்குக் கொடுங்கள். நடக்கவே முடியாத அளவு தேய்ந்தவர்களுக்கு மூட்டு மாற்றுவது வேறு விஷயம், அது உண்மையிலேயே பலன் தரும்.

நிபோங் திபால்: எனக்குக் குடலிறக்கம். பிரைவேட்டில் கேட்கும் தொகை கட்டுப்படியாகாது. மலிவாகச் செய்தால் தரம் குறையுமா அக்கா?

குறையாது தம்பி. குளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார கிளினிக்) ருஜுக்கான் கடிதம், அதாவது பரிந்துரைக் கடிதம், வாங்கிக்கொண்டு ஜி.எச். (அரசு மருத்துவமனை) போங்கள். ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்க 5 வெள்ளி (ரிங்கிட்), மூன்றாம் வகுப்பு வார்டு நாளுக்கு 3 வெள்ளி. காத்திருக்க வேண்டிவரும், அதுதான் கஷ்டம். ஆனால் வீக்கம் உள்ளே போகாமல் கல் மாதிரி கெட்டியாகி, வலியும் வாந்தியும் வந்தால் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே எமர்ஜென்சிக்குப் போங்கள்.

மலிவு என்றால் மட்டம் இல்லை என்பதற்கு இரண்டு உதாரணம் சொல்கிறேன். உகாண்டாவில் குடலிறக்கத்துக்கு, பலவீனமான இடத்தைத் தாங்க உள்ளே வைக்கும் கம்பெனி வலைக்குப் பதிலாக, கிருமி நீக்கிய கொசுவலைத் துணியை வைத்துத் தைத்துப் பார்த்தார்கள். விலையில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. 2016-இல் முடிவு வெளிவந்தது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை டாக்டர் வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கையோடு ஆரம்பித்தார். அங்கே ஒருவருக்குக் கண்புரை எடுத்து முடிக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்தவர் தயாராக இருப்பார். சர்ஜன் அப்படியே திரும்பி உட்கார்ந்து அடுத்த கண்ணைத் தொடங்குவார். தியேட்டரில் எவ்வளவு நேரம் வீணாகும் என்று பார்த்த எனக்கு அதன் அருமை தெரியும். லென்ஸையும் 1992 முதல் அவர்களே செய்கிறார்கள். காசு உள்ளவர் கட்டுவதில் இல்லாதவருக்கும் பார்வை கிடைக்கிறது. உலகத்தில் 500 கோடிப் பேருக்குப் பாதுகாப்பான, கட்டுப்படியாகும் அறுவை சிகிச்சை எட்டவில்லை என்று 2015-இல் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் கணக்குச் சொன்னது. வேண்டாதவருக்குச் செய்யும் ஒவ்வொரு ஆப்பரேஷனும் இவர்களுக்குக் கிடைக்க வேண்டிய மேசையையும் ஆளையும் பிடித்துக்கொள்கிறது என்பதுதான் என் ஆதங்கம்.

ஜெலுத்தோங்: மருமகளுக்கு 37 வாரம். நல்ல நட்சத்திரத்தில் சிசேரியன் வைக்கலாமா?

வேண்டாம்மா. காரணமில்லாமல் 39 வாரத்துக்கு முன்னால் எடுத்தால் குழந்தைக்கு மூச்சுத் திணறல் வரும் வாய்ப்பு அதிகம். தாய்க்கும் அடுத்த பிரசவத்தில் சிக்கல் கூடும். வலி தானாக வரட்டும், பிறக்கும் நேரத்துக்கு ஜாதகம் எழுதிக்கொள்ளலாம்.