செம்புக் கொதிகலனைப் பற்றவைக்க எந்த கேஸ் டார்ச் வாங்கலாம்?

கேள்வி: ஓய்வு நேரத்தில் ஒரு சின்ன நீராவி எஞ்சின் மாதிரி செய்து வருகிறேன். சமையலறை கை டார்ச்சை வைத்தே பித்தளைக் குழாய்களை வெள்ளிப் பற்றாசு (உருகி ஓடி உலோகத் துண்டுகளை இணைக்கும் வெள்ளிக் கலவை) போட்டுப் பற்றவைத்துவிட்டேன். இப்போது 75 மி.மீ. விட்டமும் 150 மி.மீ. நீளமும் உள்ள செம்புக் கொதிகலனுக்கு வந்திருக்கிறேன். 20 நிமிடம் காட்டியும் முனைத் தகட்டில் பற்றாசு ஓடவில்லை, உருண்டையாகவே நிற்கிறது. ஆக்ஸி அசிட்டிலின்தான் வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். உங்கள் டார்ச்சின் சுடருக்குச் சூடு குறைவில்லை. காற்றில் எரியும் பியூட்டேன் சுடர் சுமார் 1,900 டிகிரி இருக்கும். 55 சதவீத வெள்ளிப் பற்றாசோ 630 டிகிரியில் இளகத் தொடங்கி 660-ல் முழுக்க ஓடிவிடும். போதாமல் இருப்பது வெப்பத்தின் அளவு. ஒரு டம்ளர் வெந்நீரை ஊற்றி அண்டாத் தண்ணீரைச் சூடாக்க முடியாது அல்லவா, அதே கதைதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2 மி.மீ. தகடு என்றால் உங்கள் கொதிகலன் ஒரு கிலோவை ஒட்டி இருக்கும். அதை 650 டிகிரிக்கு ஏற்ற சுமார் 240 கிலோஜூல் போதும். சிக்கல் அதற்கப்புறம்தான். அந்தச் சூட்டில் கருத்துப்போன செம்பு, வாங்கிய வெப்பத்தை மேற்பரப்பு முழுவதிலிருந்தும் வெளியே வீசும். உங்கள் அளவுக்கு அது ஒரு கிலோவாட்டுக்குக் குறையாது. சின்ன கை டார்ச் மொத்தமாகத் தருவதே ஏறக்குறைய அவ்வளவுதான், அதிலும் பெரும்பகுதி காற்றோடு போய்விடும். 20 நிமிடம் என்ன, 2 மணி நேரம் காட்டினாலும் பற்றாசு ஓடாது. அதற்குள் செம்பு கறுக்காமல் காக்க இணைப்பில் பூசும் ஃப்ளக்ஸும் செத்துப்போகும். செம்பின் மேல் கறுப்பு படிந்தபின் பற்றாசு அதில் ஒட்டாது. நீங்கள் பார்த்த உருண்டை அப்படி வந்ததுதான்.

ஆக்ஸி அசிட்டிலின் 3,000 டிகிரியைத் தாண்டும் ஊசிச் சுடர். ஓரிடத்தில் ஃப்ளக்ஸ் கருகும், பித்தளைப் புஷ் (குழாய் மாட்டுவதற்கான வளையம்) உருகி வழியும். நான்கு அங்குலம் தள்ளி செம்பு இன்னும் சிவந்திருக்காது. கை தேர்ந்தவர்கள் அதைக் கொண்டும் கொதிகலன் செய்கிறார்கள். முதல் கொதிகலனுக்கு அது வேண்டாம் என்பேன்.

நீங்கள் வாங்க வேண்டியது ஹோஸ் வழியாக எல்.பி.ஜி.யில் எரியும், பர்னர் தலையைக் கழற்றி மாற்றக்கூடிய டார்ச். சுவீடனின் சீவர்ட் இந்த வகையில் பேர்பெற்றது. அதே அமைப்பில் வேறு கம்பெனி டார்ச்சும் கிடைக்கும். உங்கள் கொதிகலனுக்கு 10 கிலோவாட்டை ஒட்டிய பர்னர் ஒன்று, குழாய் இணைப்புகளுக்குச் சின்னது ஒன்று, ஆக இரண்டு தலை போதும். பெட்டியில் டிகிரியைத்தான் பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். நீங்கள் கிலோவாட்டையோ மணிக்கு எத்தனை கிராம் எரிக்கும் என்பதையோ தேடுங்கள். ஒரு கிலோ எல்.பி.ஜி. எரிந்தால் ஏறக்குறைய 12.8 கிலோவாட் மணி வெப்பம். அதாவது 10 கிலோவாட் பர்னர் மணிக்கு 800 கிராம் குடிக்கும்.

வீட்டு அடுப்பு ரெகுலேட்டரை இதில் மாட்ட வேண்டாம். அது தருவது 30 மில்லிபார்தான். இந்த டார்ச்சுக்கு 1 முதல் 4 பார் வரை வேண்டும். அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஹை பிரஷர் ரெகுலேட்டரும் அதற்கென்றே உள்ள ஹோஸும் வாங்குங்கள். மானிய சிலிண்டரைச் சமையல் தவிர வேறெதற்கும் பயன்படுத்தக் கூடாது என்பது சட்டம். பெட்ரோல் பங்கிலேயே கிடைக்கும் 5 கிலோ சிலிண்டர் இந்த வேலைக்குச் சரி. நீண்ட நேரம் எரித்தால் சிலிண்டர் சில்லிட்டு அழுத்தம் இறங்கும். அப்போது நிறுத்தி ஓய்வு கொடுங்கள், சூடு மட்டும் காட்டிவிடாதீர்கள். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். கதவு, சன்னல் திறந்த இடத்தில் வேலை செய்யுங்கள்.

டார்ச்சுக்கு ஒதுக்கும் அக்கறையில் பாதியை, கொதிகலனைச் சுற்றிச் செங்கல் அடுக்கிச் செய்யும் அடுப்புக்கு ஒதுக்குங்கள். என் முதல் கொதிகலனைக் கட்டடச் செங்கல் நடுவே வைத்துச் சூடாக்கினேன். செங்கல்தான் வெப்பத்தைக் குடித்தது, கொதிகலன் மங்கலாகவே கிடந்தது. அப்புறம் கையில் எடுத்தால் ரொட்டி போல எடையில்லாமல் இருக்கும் இன்சுலேஷன் ஃபயர் பிரிக்கை மூன்று பக்கமும் அடுக்கினேன். அதே பர்னர், சில நிமிடத்தில் முழுக் கொதிகலனும் சிவந்தது. இதைப் போல வேறெதுவும் பலன் தந்ததில்லை.

சுடரை ஓரிடத்தில் நிறுத்தாமல் முழு உடலையும் சுற்றிச் சூடாக்குங்கள். விளக்கை அணைத்து அரை இருட்டில் பாருங்கள். ஃப்ளக்ஸ் முதலில் பொங்கி வெள்ளை நுரையாகும். பிறகு அடங்கி, தண்ணீர் போலத் தெளிந்து இணைப்பில் பளபளக்கும். செம்பு மங்கிய சிவப்பில் இருக்கும் அந்த நேரத்தில் பற்றாசுக் கம்பியால் இணைப்பைத் தொடுங்கள். செம்பின் சூட்டில்தான் அது உருக வேண்டும். உருகியதும் வெள்ளிக்கோடாக இடுக்கில் ஓடிச் சுற்றிவரும். அதற்கு இடைவெளி 0.05 முதல் 0.15 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். நகைப் பட்டறை வெண்காரம் இங்கே உதவாது, 740 டிகிரிக்கு மேல்தான் அது உருகும். இந்தப் பற்றாசுக்கென்றே விற்கும் ஃப்ளோரைடு ஃப்ளக்ஸ் வாங்குங்கள்.

பற்றாசில் காட்மியம் இல்லை என்று கேட்டு உறுதி செய்துகொண்டே வாங்குங்கள். அதன் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். 2011-லேயே ஐரோப்பிய ஒன்றியம் அதைப் பற்றாசில் தடை செய்துவிட்டது.

இப்போது அரைகுறையாக நிற்கும் தகட்டை அப்படியே மறுபடி சூடாக்காதீர்கள். 10 சதவீத சிட்ரிக் அமிலக் கரைசலில் ஓரிரவு ஊறவையுங்கள். கறுப்பு போய் இளஞ்சிவப்புச் செம்பு தெரிந்ததும் நன்றாகக் கழுவிப் புதிய ஃப்ளக்ஸ் பூசித் தொடங்குங்கள். முடிந்ததும் உள்ளே காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, வேலை அழுத்தத்தைப் போல இரண்டு மடங்குக்குக் கைப்பம்பால் ஏற்றி, அழுத்தமானியின் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பாருங்கள். நீராவி அதற்கப்புறம்தான்.