வீட்டில் செய்யும் பாஸ்தா கறி சாஸ் ஏன் ஒட்டாமல் தண்ணியாகவே நிற்கிறது? என்ன தப்பு செய்கிறேன்?

கொத்துக்கறியை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு மொத்தமாகச் சட்டியில் கொட்டியிருப்பீர்கள், அது தண்ணீர் விட்டதும் பயந்துபோய் தக்காளியை ஊற்றியிருப்பீர்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம், நானும் அதையேதான் செய்தேன், அதுவும் ஒன்பது பேர் பார்க்க.

மனைவியின் பிறந்தநாள். விருந்தாளிகள் இரவு 8 மணிக்கு வருகிறார்கள், நான் அடுப்பைப் பற்றவைத்ததே 7 மணிக்கு, ஏனென்றால் நான் பார்த்த வீடியோவில் 20 நிமிடத்தில் முடிந்துவிடும் என்று சொல்லியிருந்தார்கள். ஒரு கிலோ கறி, ஒரே சட்டி. ஐந்து நிமிடத்தில் அது தன் தண்ணீரிலேயே வெந்து, வெளுத்துப்போன பழந்துணி நிறத்துக்கு வந்துவிட்டது. நேரமில்லையே என்று தீயைக் கூட்டினால் மேலே தண்ணி, அடியில் தீய்ந்த வாடை. இந்தக் கூத்துக்கு முன்னாலேயே ஸ்பகெட்டியை வேகவைத்து, ஒட்டக் கூடாதென்று பச்சைத் தண்ணீரில் அலசி, எண்ணெய் வேறு தடவி வைத்திருந்தேன். பரிமாறினால் சாஸ் தட்டின் ஓரத்துக்கு ஓடுகிறது, பாஸ்தா நடுவில் மொட்டையாக உட்கார்ந்திருக்கிறது. மச்சினன் மகன், ஆறு வயது, "மாமா, இதைக் குடிக்கணுமா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். மனைவி மட்டும் சிரிக்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அப்புறம் ஒரு வைராக்கியத்தில் ஞாயிறுதோறும் செய்து பார்த்துத்தான் பிடிபட்டது. சட்டியில் தண்ணீர் நிற்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. கறி சிவந்து மணம் வர அதைவிட ரொம்ப அதிகச் சூடு வேண்டும். அதனால் கறியைத் துடைத்து, மூன்று நான்கு ஈடாகப் போட வேண்டும். போட்டதும் கிளறிக்கொண்டே இருக்காதீர்கள், தொடாமல் விடுங்கள். முதலில் தண்ணீர் கொதிக்கிற சத்தம் வரும், அது அடங்கி எண்ணெயில் பொரிகிற சத்தமாக மாறும். அந்தச் சத்தம் மாறுகிறவரை தக்காளியைக் கையில் எடுக்காதீர்கள். அடியில் ஒட்டிய பழுப்பைக் கொஞ்சம் ஒயின் ஊற்றிச் சுரண்டினால் பாதி ருசி அதில்தான் இருக்கிறது. ஒயின் வேண்டாதவர்கள் எலும்புச் சாறு ஊற்றலாம்.

பூண்டு எங்கே, பேசில் என்கிற இத்தாலியத் துளசி எங்கே என்று கேட்டு யாராவது வருவார்கள், தெரியும். இந்தக் கறி சாஸுக்கு இத்தாலியில் 'ராகு' என்று பெயர், அதற்குப் பேர்போன ஊர் போலோனியா. அந்த ஊர் வர்த்தக சபையில் 1982-இல் இத்தாலிய சமையல் அகாதமி பதிவு செய்த ராகுவில் பூண்டே கிடையாது. வெங்காயம், காரட், செலரி, மாட்டுக்கறி, கொழுப்புள்ள பன்றிக்கறி, கொஞ்சமே தக்காளி, பால். ஆமாம், பால்தான். அந்த ஊரில் இதை ஸ்பகெட்டியோடு சாப்பிடுவதும் இல்லை, தாலியாத்தெல்லே என்ற பட்டை முட்டை பாஸ்தாவோடுதான். அதற்கும் வெந்த பிறகு 8 மில்லிமீட்டர் அகலம் என்று 1972-இல் அளவு பதிந்து வைத்திருக்கிறார்கள். பட்டையாக இருந்தால் சாஸ் பிடிக்க இடம் இருக்கிறது, அவ்வளவுதான். நான் எப்போதாவது பூண்டு போடுவேன், அது என் வீடு, என் சட்டி.

தக்காளி விழுந்த பிறகு தளதளவென்று கொதிக்கவே கூடாது. ஒரு குமிழ் மெதுவாக வந்து உடைந்து, அடுத்தது வரலாமா வேண்டாமா என்று யோசிக்க வேண்டும். நேப்பிள்ஸ்காரர்கள் இதற்கென்றே 'பிப்பியாரே' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். குறைந்தது 2 மணி நேரம், முடிந்தால் 3. கறியின் நார்ச்சவ்வில் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் மெல்லக் கரைந்து, ஜெலட்டின் என்ற பிசுபிசுப்பாக மாறித்தான் சாஸுக்கு அந்தப் பசை வரும், தீயைக் கூட்டி அதை அவசரப்படுத்த முடியாது. கொழுப்பே இல்லாத கறியாகக் கேட்டு வாங்காதீர்கள், மணல் மாதிரி இருக்கும்.

இதற்கு அடிகனமான பாத்திரம் வேண்டும். என்னிடம் அருமையான ஒன்று இருந்தது. அக்கா "ஒரு நாள்தான்டா" என்று வாங்கிக்கொண்டு போய் ஐந்து மாதம் வைத்திருந்தாள். திரும்பி வரும்போது பிடி ஆடுகிறது, மூடியைக் காணோம், உள்ளே கம்பி நாரால் தேய்த்த கோடுகள். கேட்டால் "ஒரு சட்டிக்குப் போய் கணக்கு பார்க்கிறாயே" என்கிறாள். அவளுடைய மிக்ஸியை நான் ஒரு தடவை கேட்டபோது என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுதினால் குடும்பத்தில் யாராவது படித்துவிடுவார்கள். விடுங்கள்.

பாஸ்தாவுக்கு வருகிறேன். 100 கிராமுக்கு 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு என்பது இத்தாலிக் கணக்கு. சாஸில் உப்பு இருப்பதால் நான் 7 கிராமோடு நிறுத்திக்கொள்வேன். அலசவும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம், இரண்டும் சாஸை ஒட்டவிடாது. பாக்கெட்டில் போட்ட நேரத்துக்கு ஒன்றிரண்டு நிமிடம் முன்னாலேயே எடுத்து நேராக சாஸில் போடுங்கள். வெந்த தண்ணீரைக் கீழே கொட்டிவிடாதீர்கள். மாவுச்சத்து இறங்கி மங்கலாக இருக்கும் அந்தத் தண்ணீரில் ஒரு கரண்டி ஊற்றி, தீயில் வைத்தே புரட்டினால் கொழுப்பும் தண்ணீரும் சேர்ந்துகொண்டு பாஸ்தா மேல் பூசினாற்போல் நிற்கும். தட்டைச் சாய்த்துப் பாருங்கள், ஓரத்துக்கு எதுவும் ஓடவில்லை என்றால் சரியாக வந்திருக்கிறது. ஓடினால் இன்னும் ஒரு நிமிடம் அடுப்பில் வைத்துப் புரட்டுங்கள்.