உருகிய உப்பில் யூரேனியம்: அந்த ஆய்வு வேலை உண்மையில் எப்படி இருக்கும்?

கேள்வி: எம்.எஸ்சி. வேதியியல் முடிக்கப்போகிறேன். கதிரியக்கத் தனிமங்களை உருகிய உப்பில் ஆராயும் துறைக்குப் போகலாமா? அன்றாட வேலை என்ன?

பதில்: போகலாம். ஆனால் கதிர்வீச்சோடு மல்லுக்கட்டப்போகிறோம் என்று நினைத்து வருகிறவர்கள், முதல் வருடம் முழுக்கத் தண்ணீரோடுதான் மல்லுக்கட்டுவார்கள்.

கல்பாக்கத்தில் அணு உலையின் உலோக எரிபொருளை, உருகிய உப்பில் மின்சாரத்தால் பிரித்து மறுசுழற்சி செய்யும் பைரோ முறைக்கு ஆய்வு நடக்கிறது. அங்கே அடிப்படை உப்பு, லித்தியம் குளோரைடு 58.5, பொட்டாசியம் குளோரைடு 41.5 மோல் சதவீதம். 100 கிராம் வேண்டுமென்றால் முதலாவது 44.5 கிராம், இரண்டாவது 55.5 கிராம். தனியாக முதலாவது உருக 600 டிகிரி செல்சியஸ் தாண்ட வேண்டும், இரண்டாவதுக்கு 770. சேர்த்தால் சுமார் 355 டிகிரியிலேயே உருகிவிடும். சோதனைகள் பெரும்பாலும் 450 முதல் 500 டிகிரியில்.

லித்தியம் குளோரைடு மழைக்கால உப்பு ஜாடியைவிட மோசம், திறந்து வைத்தால் தானாகவே கசியும். ஈரத்தோடு சட்டென்று சூடாக்கினால் தண்ணீர் ஆவியாகிப் போய்விடாது. உப்போடு வினைபுரிந்து ஹைட்ரஜன் குளோரைடாக ஒரு பங்கு வெளியேறும், ஹைட்ராக்சைடும் ஆக்சைடும் உள்ளே தங்கிவிடும். அப்புறம் போடும் யூரேனியம் டிரைகுளோரைடு அந்த ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு ஆக்சைடு வண்டலாக அடியில் உட்காரும். அளவிடும் மின்னோட்டம் நாளுக்கு நாள் குறையும். ஆள் மின்முனையைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பார். அதனால் வெற்றிடத்தில், படிப்படியாக, பொறுமையாக உலர்த்த வேண்டும். பிறகு எல்லாமே ஆர்கான் நிரப்பிய குளோவ் பாக்ஸுக்குள் (வெளியிலிருந்து கை விட்டு வேலை செய்யக் கையுறை பொருத்திய மூடிய பெட்டி), ஈரமும் ஆக்சிஜனும் சில பி.பி.எம்.முக்குக் கீழே.

புதியவர் கையில் யூரேனியத்தை யாரும் கொடுக்க மாட்டார்கள். நியோடிமியம், சீரியம் மாதிரி லாந்தனைடுகளில்தான் பழக்கம். கடையில் வாங்கும் நீரேறிய நியோடிமியம் குளோரைடை அப்படியே சூடாக்கினால் ஆக்சிகுளோரைடு வந்துவிடும். அம்மோனியம் குளோரைடைத் தாராளமாகக் கலந்து வெற்றிடத்தில் சூடாக்கி, மிச்ச அம்மோனியம் குளோரைடைப் பதங்கமாக்கி விரட்ட வேண்டும். சரியாக வந்ததா என்று பார்க்க ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் போடுங்கள். தெளிவாகக் கரைந்தால் நல்லது. கலங்கினால் ஆக்சிகுளோரைடு இருக்கிறது, முதலிலிருந்து தொடங்குங்கள்.

அளவீடு என்றால் பெரும்பாலும் சைக்ளிக் வோல்டாமெட்ரி, அதாவது மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தைப் பதிவது. 1 மி.மீ. டங்ஸ்டன் கம்பி வேலை மின்முனை, வெள்ளி–வெள்ளி குளோரைடு ஒப்பு மின்முனை. உருகிய உப்பு கம்பியில் மேலேறி ஒட்டும், எவ்வளவு முங்கியது என்று கண்ணால் சொல்ல முடியாது. ஒரே ஆழத்தில் ஓட்டிப் பரப்பளவை ஊகிக்காதீர்கள். கம்பியைத் தெரிந்த அளவு இறக்கி இறக்கி மூன்று நான்கு ஆழங்களில் ஓட்டி, உச்ச மின்னோட்டத்தின் சரிவை எடுங்கள். ஒவ்வொரு மி.மீ. ஆழத்துக்கும் 3.14 சதுர மி.மீ. பரப்பு கூடும், அதை வைத்துக் கணக்கிட்டால் ஒட்டிய உப்பின் பிழை கழிந்துவிடும்.

இன்னொரு வழக்கமான தப்பு: யூரேனியம் மின்முனையில் உலோகமாகப் படிகிறது, கரைசலில் நிற்பதில்லை. அதன் உச்ச மின்னோட்டத்துக்குப் பெர்சின்ஸ்–டெலஹே சமன்பாடு, மாறிலி 0.61. பழக்கதோஷத்தில் ராண்டில்ஸ்–செவ்சிக்கின் 0.446 போட்டால், விரவல் குணகம் (அயனி உப்பில் எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்ற அளவு) ஏறக்குறைய 1.9 மடங்கு பெரிதாக வரும். அச்சான கட்டுரைகளிலேயே இதைப் பார்க்கலாம்.

சோதனை முடிந்ததும் மின்முனைகளை வெளியே தூக்கிவிட்டுத்தான் உலையை அணைக்க வேண்டும். உறைந்த உப்பு மின்முனையின் கண்ணாடி உறையை நெரித்து உடைக்கும். மறுநாள் உருக்கும்போதும் அடியில் முதலில் உருகி, மேலே மூடியாக உறைந்திருந்தால், விரிய இடமின்றி மூசை (உப்பு உருக்கும் பாத்திரம்) பிளக்கும்.

ஃபுளோரைடு உப்பு வேறு உலகம். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் 1965 முதல் 1969 வரை லித்தியம், பெரிலியம், சிர்கோனியம் ஃபுளோரைடுகளில் யூரேனியத்தைக் கரைத்து அணு உலையே ஓட்டினார்கள். ஓடும்போது உப்பு பெரிதாகத் தொல்லை தரவில்லை. நிறுத்தி, தொட்டியில் உறையவிட்ட பிறகுதான் சேட்டை. சூடான திரவத்தில், கதிர்வீச்சு உடைத்த ஃபுளோரின் உடனே திரும்பச் சேர்ந்துவிடும். ஆறிய திடத்தில் சேராது. வெளியேறிய ஃபுளோரின் யூரேனியத்தை ஹெக்சாஃபுளோரைடு வாயுவாக்க, அது குழாய் வழியே கரி வடிகட்டி வரை போயிருந்தது. 1994-இல்தான் தெரியவந்தது. முனைவர் பட்டத்துக்குத் தலைப்பு தேடுகிறவர்கள் உறைந்த உப்பின் கதிர்வேதியியலை ஒருமுறை யோசிக்கலாம், அணுக்கழிவு சேமிப்புக்கும் அது தேவை.

சேரும் வழி: கல்பாக்கத்தில் ஹோமி பாபா தேசிய நிறுவனத்தின் கீழ் முனைவர் பட்டம், அல்லது பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் (பி.ஏ.ஆர்.சி.) பயிற்சிப் பள்ளி மூலம் நேரடி வேலை. யூரேனியமே வேண்டாம், உப்பு மட்டும் போதும் என்றால் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்தையும் பாருங்கள். உருகிய உப்பிலிருந்து மெக்னீசியம் எடுப்பதில் அவர்களுக்குப் பழைய அனுபவம் உண்டு. வீட்டில் கதிர்வீச்சு பயம் என்றால் இந்த எண்ணைக் காட்டுங்கள்: இந்தியாவில் கதிர்வீச்சுப் பணியாளருக்கு உச்சவரம்பு எந்த ஒரு வருடத்திலும் 30 மில்லிசீவர்ட், ஐந்து வருடத்தில் மொத்தம் 100. சட்டையில் குத்திய பேட்ஜ் அதைக் கணக்கு வைக்கும். ஆனால் பேட்ஜுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது: குளோவ் பாக்ஸ் கையுறையில் விழும் ஊசித்துளை. யூரேனியம், புளூட்டோனியம் தூளை மூச்சில் இழுப்பதுதான் அபாயம், எனவே உள்ளே கை விடும் முன் கையுறையின் விரலிடுக்குகளைப் பாருங்கள்.