கைபட்ட பந்து

அன்புள்ள ஆசிரியருக்கு,

கோல்கீப்பர்கள் பற்றிய உங்கள் கட்டுரையில் பெல்ஜியத்தின் ழான்-மாரி ஃபாஃபுக்கு ஒரே ஒரு வரிதான்: “த்ரோ-இன்னில் கோல் வாங்கியவர்.” வீடியோவைத் தேடிப் பார்த்துச் சிரித்தேன். அப்புறம்தான் சந்தேகம் வந்தது. பக்கக்கோட்டுக்கு வெளியே போன பந்தைக் கையால் உள்ளே எறிவதுதானே த்ரோ-இன், அதில் நேரடியாக கோல் போட முடியாதே, எப்படிக் கொடுத்தார்கள்? தவிர, இன்னொரு பெல்ஜிய கோல்கீப்பர் திபோ கூர்த்துவா இருக்கும்போது இவரை ஏன் பேச வேண்டும்?

க.

அன்புள்ள க.,

அந்த ஒற்றை வரி என் சோம்பேறித்தனம். ஒப்புக்கொள்கிறேன்.

முதலில் விதி. 1982 ஆகஸ்டில், ஜெர்மன் கிளப் பேயர்ன் மியூனிக்குக்காக ஃபாஃப் ஆடிய முதல் பன்டஸ்லிகா (ஜெர்மன் லீக்) ஆட்டம் அது. வெர்டர் பிரேமனின் ஊவே ரைண்டர்ஸ் எறிந்த பந்து நேராக கோலை நோக்கி வந்தது. யார் மீதும் படாமல் உள்ளே போயிருந்தால் கோல் கிடையாது. கோல் கிக், அவ்வளவுதான். ஃபாஃப் எகிறினார், விரலில் பட்டது, உள்ளே போனது. பேயர்ன் 0-1 என்று தோற்றது. சும்மா நின்றிருந்தால் தப்பித்திருப்பார். ஆனால் வருகிற பந்தைத் தொடாமல் விடு என்று எந்த கோல்கீப்பருக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

வந்தவர் புதுமுகமும் அல்ல. பெவரன் என்ற சிறிய ஊரின் கிளப்பை 1979-இல் பெல்ஜியச் சாம்பியனாக்கிய அணியின் கோல்கீப்பர். அடுத்த ஆண்டு ஐரோப்பியக் கோப்பையில் பெல்ஜியம் இறுதிப் போட்டி வரை போனது. ரோமில் மேற்கு ஜெர்மனியிடம் 2-1 என்று தோற்றார்கள். ஹ்ரூபெஷ் அடித்த இரண்டாவது கோல் ஆட்டம் முடியும் நேரத்தில் வந்தது. அந்த ஜெர்மனிக்கே பிழைக்கப் போனவருக்குத்தான் இந்த வரவேற்பு.

வேறொருவராக இருந்தால் அடுத்த சீசனே ஊர் திரும்பியிருப்பார். இவர் 1988 வரை அங்கேயே இருந்தார். 1985, 86, 87 என்று வரிசையாக மூன்று பன்டஸ்லிகா பட்டங்கள். நடுவில் 1986 உலகக் கோப்பை. பியூப்லாவில் ஸ்பெயினுடன் காலிறுதி 1-1 என்று முடிந்து பெனால்டிக்குப் போனது. எலோய் அடித்ததை ஃபாஃப் தடுத்தார், பெல்ஜியம் ஐந்தையும் போட்டது. அரையிறுதியில் மரடோனா இரண்டு போட்டுக் கதையை முடித்துவிட்டார். அதற்கு ஃபாஃபைக் குறை சொல்பவரை நான் பார்த்ததில்லை.

உலகின் சிறந்த கோல்கீப்பரை 1987-இல் முதன்முறையாகத் தேர்ந்தெடுத்தபோது பட்டம் கிடைத்தது இவருக்குத்தான். அதே ஆண்டு வியன்னாவில், ஐரோப்பிய சாம்பியன் கிளப் கோப்பை இறுதியில், போர்ட்டோவின் மாஜர் குதிகாலால் தட்டிய பந்து இவரைத் தாண்டிப் போனது. கோல்கீப்பர் பிழைப்பே இப்படித்தான்.

கூர்த்துவா? 2022 பாரிஸ் சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் லிவர்பூலுக்கு எதிராக அவர் ஆடியதைப் பார்த்தவன் நான். யார் சிறந்தவர் என்று கேட்டால் கூர்த்துவா என்றே சொல்வேன். ஆனால் உட்கார்ந்து கதை கேட்கலாம் என்றால் எனக்கு ஃபாஃப்தான்.

சரி, கட்டுரையில் அந்த வரியைத் திருத்திவிட்டேன். ஸ்பெயின் பெனால்டி சேர்ந்திருக்கிறது. த்ரோ-இன்னை எடுக்கவில்லை, அது இல்லையென்றால் நீங்கள் வீடியோவையே தேடியிருக்க மாட்டீர்கள்.