நுரையீரல் கட்டிக்கு எம்.ஆர்.ஐ.: கேள்வி பதில்

கதிர்ப்படப் பிரிவில வேலை செய்து ஓய்வு எடுத்த ஆள் நான். கேட்ட ஆக்களின்ர ஊரை மட்டும் போடுறன்.

புதுக்குடியிருப்பு: அப்பாவுக்கு சீ.ரி. ஸ்கானில 3 சென்ரிமீற்றர் கட்டி. இப்ப டிஃபியூஷன் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லுகினம். சீ.ரி.யில தெரியாதது அதில என்ன தெரியப்போகுது?

சீ.ரி. கட்டியின்ர உருவத்தைக் காட்டும். இது கட்டிக்குள்ள தண்ணி எவ்வளவு தாராளமாய் அசையுது எண்டு பாக்கும். வற்றாப்பளைப் பொங்கலை நினையுங்கோ. மற்ற நாளில கோயில் வெளியில ஓடித்திரியிற பிள்ளைக்கு, பொங்கலிரவு நாலடி வைக்க இடமிராது. புற்றுநோயில கலங்கள் அப்பிடி நெருக்கியடிச்சு நிக்கும். தண்ணி மூலக்கூறு நகர வழியில்லை. அந்த அசைவை ஏ.டி.சி. எண்டு இலக்கமாய் எழுதுவினம். உடம்புச் சூட்டில தடையில்லாத தண்ணிக்கு அது ஏறக்குறைய 3 (செக்கனுக்கு ஆயிரத்தில 3 சதுர மில்லிமீற்றர் எண்ட கணக்கு). நெருக்கமான கட்டியில 1ஐ ஒட்டிக்கூட இறங்கும். மெஷினுக்கு மெஷின் இலக்கம் கொஞ்சம் மாறும், அதால ஒரு இலக்கத்தைப் பிடிச்சுக்கொண்டு அழாதேங்கோ.

மல்லாவி: அண்ணை, ரிப்போர்ட்டில 'பிரகாசமாய்த் தெரியுது' எண்டிருக்கு. அப்ப புற்றுநோய்தானே?

இல்லைத் தங்கச்சி. தண்ணி நிறைஞ்ச கட்டியும் வெள்ளையாய் மினுங்கும். பக்கத்தில ஏ.டி.சி. படம் இருக்கும், அதில இலக்கம் குறைஞ்ச இடம் கறுப்பு, கூடின இடம் வெள்ளை. அதிலயும் அந்த இடம் வெள்ளையெண்டால் பெரும்பாலும் பயமில்லை. அதில கறுப்பாய் இருந்தால்தான் சந்தேகம். அதுவும் சந்தேகம் மட்டுந்தான். சீழ் கூழ் மாதிரித் தடிப்பு, அதுக்குள்ளயும் தண்ணி அசையாது; காசநோய்க் கட்டியும் இதே வேஷம் போடும். பெற் ஸ்கானையும் (கதிரியக்கச் சீனி ஏத்தி எடுக்கிற படம்) காசநோய் ஏமாத்தும். சளி கூடச் சோதிக்காமல் இந்தப் படத்தை மட்டும் வைச்சு ஆராவது புற்றுநோய் எண்டு சொன்னால் நான் நம்பமாட்டன். மறுவளமாய், சளிமாதிரிப் பசை சுரக்கிற ஒருவகைப் புற்றுநோய் நல்ல கட்டிபோல இலக்கம் காட்டித் தப்பியும் போகும். ஊசியால சதை எடுத்துப் பாக்கிறதுதான் முடிவு. எம்.ஆர்.ஐ. அதுக்கு எங்க குத்திறது எண்டு வழிகாட்டும்.

வவுனியா வடக்கு: அம்மாவுக்குச் சிறுநீரக வருத்தம். சாய ஊசி போடுவினமோ?

டிஃபியூஷனுக்குச் சாயம் தேவையில்லை, கதிர்வீச்சும் இல்லை. எங்கட பக்கத்துச் சிறுநீரக நோயாளியளுக்கு இது பெரிய நிம்மதி. எதுக்கும் கிரியற்றினின் (சிறுநீரகம் எப்பிடி வேலை செய்யுது எண்டு காட்டுற இரத்தச் சோதனை) ரிப்போர்ட்டைக் கொண்டுபோங்கோ.

நெடுங்கேணி: 6 மில்லிமீற்றர் புள்ளிக்கும் எடுக்கலாமோ?

காசை வீணாக்காதேங்கோ. மூச்சு, இதயத் துடிப்பு, நுரையீரல் முழுக்கக் காத்து, படம் கலங்கிப்போகும். டொக்ரர் சொல்லுற தவணைக்குத் திரும்ப சீ.ரி. எடுங்கோ.

முல்லைத்தீவு: 2009இல பட்ட செல் (எறிகணை) துண்டு தோளில கிடக்கு. மெஷினுக்குள்ள படுக்கலாமோ?

இதைக் கேட்டது நல்லது. அந்தக் காந்தம் படம் எடுக்காத நேரத்திலயும் இழுத்துக்கொண்டுதான் இருக்கும். இரும்புத் துண்டு அசையலாம், சூடாகலாம். கண், முள்ளந்தண்டு, பெரிய இரத்தக்குழாய் பக்கமெண்டால் பெரிய ஆபத்து. முதல் எக்ஸ்றே எடுத்து இடத்தைப் பாத்திட்டுத்தான் டொக்ரர் முடிவெடுப்பார். ஒருக்கால் ஒரு ஐயா படிவத்தில எல்லாத்துக்கும் 'இல்லை' போட்டிட்டு வந்தார். சேட்டைக் கழட்டேக்கை கழுத்தடியில சுருங்கின தழும்பு. எக்ஸ்றேயில ரெண்டு துண்டு. "அதை நான் இரும்பெண்டே நினைக்கேல்லைத் தம்பி" எண்டார். பழைய கிளினிக் கொப்பி இருந்தால் தேடி எடுத்துக்கொண்டு போங்கோ. ஏறின துண்டுகளை அதில குறிச்சிருப்பினம்.